சதுக்கத்தின் ஓரத்தில் நின்றவர்

அந்தப் பங்குனி மாதம் முழுக்க, பிற்பகல் மூன்றரை மணியானால் நான் பாறைமேல் இருப்பேன். நார்த்தாமலைப் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பங்குனி வெயிலில் அந்தப் பாறையில் ஆடுகூட ஏறாது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் செல்போனில் இரண்டு கோடு வருவதே பெரும்பாடு. பாறையில் பாதி ஏறி, ஒரு குண்டுக்கல்லின் கிழக்குப் பக்க நிழலில் உட்கார்ந்தால் நாலு கோடும் நிற்கும். இங்கே மூன்றரை என்றால் உக்ரைனில் பகல் பன்னிரண்டு. நான் நான்கு வருஷம் மருத்துவம் படித்த ஊரில் சனங்கள் சதுக்கத்தில் கூடும் நேரம் அது.

ஊரின் பெயர் வேண்டாம். அந்த நாட்டின் தெற்கே, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு நடுத்தரமான ஊர். போர் தொடங்கிய அன்றைக்கே நான் ரயில் ஏறிவிட்டேன். அடுத்த சில நாட்களில் ரஷ்யப் படை ஊருக்குள் வந்துவிட்டது. மேயர் அலுவலகம், ரயில் நிலையம், டிவி கோபுரம் எல்லாம் அவர்கள் கைக்குப் போனது. சண்டை முடிந்தது, இனி எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த ஊர்க்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். கையில் நீலமும் மஞ்சளுமான கொடி. வேறு ஒன்றும் இல்லை. தினமும் மத்தியானம் சதுக்கத்துக்கு வந்து, துப்பாக்கி வைத்திருந்தவர்களின் முகத்துக்கு நேரே நின்று, உங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னார்கள். அதைத்தான் ஆயிரக்கணக்கில் கூடிக் கூடிச் சொன்னார்கள். யாராவது படம்பிடித்துப் போடுவார்கள். அந்தப் படங்களில் நான் ஒரே ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அது நான் குடியிருந்த வீட்டின் வீட்டுக்காரம்மா முகம். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அங்கேயும் அந்த வயதுப் பெண்களை அப்படிக் கூப்பிடுவதுதான் வழக்கம். முதல் இரண்டு வருஷம் நான் ஹாஸ்டலில் இருந்தேன். சமையல் முறை போடுவதில் கூட இருந்த பெண்களோடு சண்டை வந்து வெளியேறினேன். என்னோடு யாருக்கும் ஒத்துப்போகாது என்பது ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஊரறிந்த விஷயம். அப்படி வெளியேறி வந்தபோது கிடைத்ததுதான் அத்தை வீட்டின் சின்ன அறை.

அத்தைக்கு ஊர் நூலகத்தில் வேலை. புத்தகம் எடுத்துக் கொடுப்பதில்லை. வாசலில் நின்று, வருகிறவர்களின் குளிர்க்கோட்டை வாங்கி மாட்டிவைத்து, டோக்கன் கொடுத்து, போகும்போது திருப்பிக் கொடுக்கிற வேலை. இதை நான் ஃபோனில் சொன்னபோது அப்பா இரண்டு தடவை கேட்டார். கோட்டு மாட்டுவதற்கு ஒரு உத்தியோகமா, அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறதா என்று. அத்தைக்கோ அது சாதாரண உத்தியோகம் இல்லை. நான் குடிவந்த அன்றே என் கோட்டைப் புரட்டிப் பார்த்து, கழுத்துப் பக்கம் மாட்டுவதற்கு வளையம் இல்லையே, இப்படி ஒரு கோட்டோடு எப்படி வெளியே போகிறாய் என்று திட்டினார். திட்டிக்கொண்டே தைத்தும் கொடுத்தார்.

எங்களுக்குள் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. என் மொழி அரைகுறை. அவருக்கோ பேச்சே பிடிக்காது. சாயங்காலம் சமையலறை மேசையில் நான் ஒரு பக்கம் உடற்கூறு படிப்பேன், அவர் எதிரே உட்கார்ந்து குறுக்கெழுத்து போடுவார். நடுவில் எழுந்து பால்கனிக்குப் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருவார். போலந்தில் கட்டிக்கொடுத்த மகளிடம் விட்டுவிட்டேன் என்று சொல்லிவைத்திருந்ததால், மகள் வீடியோவில் வரும்போதெல்லாம் சாம்பல் கிண்ணம் என் அறைக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் பேசாமல் இருந்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். பேசாமல் ஒருவரோடு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அந்த மேசையில்தான் தெரிந்துகொண்டேன்.

போர் தொடங்கிய காலை அத்தைதான் என்னை எழுப்பினார். ரயில் நிலையம் வரை கூடவே நடந்தார். அவரிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய ஃபோன். அந்த எண் என் ஃபோனில் இருந்தது. இருந்தாலும் ஒரு பேப்பரில் தன் எண்ணையும் மகளின் எண்ணையும் எழுதி, என் கோட்டின் உள்பைக்குள் வைத்து ஊக்குப் போட்டார். ஃபோன் தொலையும், பேப்பர் தொலையாது என்றார். போய்ச் சேர்ந்ததும் சொல், அதுவரை எனக்குத் தூக்கம் இருக்காது என்றார். முதல் ஃபோன் உங்களுக்குத்தான் என்று சொன்னேன்.

அவர் சொன்னபடியே ஃபோன் தொலைந்தது. எல்லையில் ரயில் ஏறுகிற நெரிசலில் கையிலிருந்து போனது எங்கே போனதென்று தெரியாது. பேப்பர் இருந்தது. ஐந்து நாள், மூன்று நாடு, ஒரு விமானம், திருச்சியிலிருந்து ஒரு வாடகைக் கார் என்று வீட்டு வாசல் வரை அது பத்திரமாக வந்து சேர்ந்தது.

வாசலில் அம்மா நின்றாள். கையில் ஆரத்தித் தட்டு, பக்கத்தில் ஒரு அண்டா நிறைய மஞ்சள் தண்ணீர்.

"அப்படியே உள்ள வந்துராத. கண்ட பொணமும் கெடக்குற எடத்துல இருந்து வந்துருக்க. அங்கிட்டு நில்லு" என்றாள்.

துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் வாசலிலேயே துணியை நனைத்துப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் எங்கள் பக்கத்தில் உள்ளே வருவார்கள். போர் நடக்கிற நாட்டையே ஒரு துக்க வீடாக எடுத்துக்கொண்டாள் அம்மா. நான் குளித்தேன். கோட்டை மட்டும் வெளியே ஆணியில் மாட்டி, இதைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். பதினாலு மணி நேரம் தூங்கினேன்.

எழுந்து வந்தபோது கோட்டு கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அண்டாவில் ஊறவைத்து, துவைகல்லில் அடித்து, மறுபடி மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்திருந்தாள். உள்பையில் ஊக்கு அப்படியே இருந்தது. பேப்பர் என்று ஒரு கஞ்சி இருந்தது. அதில் நீல மசி ஒரு கரையாகப் படர்ந்து நின்றது, ஒரு எண்கூடத் தேறவில்லை.

அதற்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்துவிட்டது. பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் அம்மாவிடம் பேசவில்லை. அவள் வைத்த சோற்றைத் தின்றுகொண்டே பேசாமல் இருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை. அப்பா வாங்கிக் கொடுத்த புது ஃபோனில் நூலகத்தின் எண்ணைத் தேடி அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூடப் படித்தவர்களிடம் கேட்டேன். ஹாஸ்டல்காரர்களுக்கு என் அத்தையை எப்படித் தெரியும்? சண்டை போட்டு வெளியேறியதன் பலன் இப்படி வந்து முடிந்தது.

ஊர் மூன்று நாள் என்னைப் பார்க்க வந்தது. குண்டு விழுந்ததைப் பார்த்தாயா, பக்கத்திலா தூரத்திலா, ஃப்ளைட்டில் சாப்பாடு கொடுத்தார்களா. சித்தப்பா ஒருவர் என்னை நிற்கவைத்து எந்தக் கட்சி அழைத்து வந்தது என்று சொல்லச் சொன்னார். நாலாம் நாள் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அங்கே நீ விட்டுவிட்டு வந்தது யாரை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கோட்டு மாட்டுகிற ஒரு அம்மாவை என்றால் யாருக்குப் புரிந்திருக்கும்? வீடு நிறைய ஆள் இருக்க, நான் மட்டும் எங்கோ நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் சதுக்கத்துப் படங்கள் வரத் தொடங்கின, நானும் பாறை ஏறத் தொடங்கினேன்.

அத்தை அங்கே வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கொடி பிடிக்கிற ஆள் இல்லை அவர். வீட்டில் பேசுவது ரஷ்ய மொழி. ஓட்டுப் போடப் போனால்கூட, வரிசை நீளமாக இருந்தது என்று திரும்பி வந்துவிடுவார். ஆனாலும் வேறு எங்கே தேடுவது? ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, முகம் முகமாகப் பார்ப்பேன். கம்பளித் தொப்பி போட்ட கிழவர்கள், குழந்தையைத் தோளில் வைத்திருந்த அப்பாக்கள், எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆசிரியை. கவச வண்டி ஒன்று மெதுவாக வர, அதற்கு முன்னால் ஒரு ஆள் கையை விரித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தபடியே அதை நிறுத்தப் பார்த்தார். யாரும் ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து தங்கள் தேசிய கீதத்தைப் பாடுவார்கள். என் ஃபோனில் அது கரகரவென்று கேட்கும்.

அதே நாட்களில் பாறைக்குக் கீழே அம்மன் கோவிலுக்குப் பூத்தட்டும் பால்குடமுமாக ஊர் ஊராக நடந்துபோனார்கள். கீழே அத்தனை சனம், ஃபோனுக்குள் அத்தனை சனம். இரண்டிலும் சேராமல் நான் ஒரு கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தனிமையை எனக்கு வேறு எந்த விதமாகவும் சொல்லத் தெரியவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அத்தையைப் பார்த்தேன்.

முகத்தை வைத்து இல்லை, கையை வைத்து. தெரு நீளத்துக்குத் தைத்த ஒரு கொடியை இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றி வந்தார்கள். அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பிடித்தவர்களின் பைகளும், கழற்றிய கோட்டுகளும் எங்கே? ஓரத்தில் பச்சைக் கோட்டில் ஒரு அம்மா, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, முழங்கை வரை பைகளும் கோட்டுகளுமாக நின்றுகொண்டிருந்தார். நூலக வாசலில் குளிர்கால மாலைகளில் அவர் அப்படித்தான் நிற்பார். ஊரே போராட வந்திருந்தது, அத்தை வேலைக்கு வந்திருந்தார்.

நான் பாறையில் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். இன்னொன்றும் பார்த்தேன். கொடியைப் பிடித்துப் போனவர்களில் முதல் ஆள், அத்தையோடு கூட வேலை பார்க்கிற பெண். தொப்பி ஒன்று காணாமல் போன தகராறில் இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. அந்தப் பெண் போகிற போக்கில் தன் கைப்பையை அத்தையின் முழங்கையில் மாட்டிவிட்டுப் போனார். அத்தை அதைச் சரியாக நகர்த்தி வைத்துக்கொண்டார். ஒற்றுமை ஒற்றுமை என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குள் வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. தினமும் அதே நேரம் பாறைக்குப் போகிறாள், ஃபோனைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றால் அம்மா என்ன முடிவுக்கு வருவாள்? ஒரு நாள் குடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, பின்னாலேயே ஏறி வந்துவிட்டாள். வெள்ளைக்காரப் பையன் ஒருவனின் முகத்தைப் பார்க்கத் தயாராக வந்தவளிடம் நான் ஃபோனைக் கொடுத்தேன். பச்சைக் கோட்டைக் காட்டினேன். அந்தப் பேப்பரை எழுதிக் கொடுத்தது இவர்தான் என்றேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இவுக கையில ஒண்ணுமே இல்லையே. சும்மா நின்னா அவனுக போயிருவானுகளா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

"தெரியாமத்தான் தெனமும் வந்து நிக்கிறாகளா?"

ஆமாம் என்றேன். அம்மா குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தாள். அதன் பிறகு நாங்கள் பேசத் தொடங்கினோம். அந்த வெள்ளிக்கிழமை விராலிமலைக்குப் போய் முருகனுக்கு அத்தை பேரில் வேண்டிக்கொண்டு, அங்கே வழக்கப்படி சுருட்டும் வைத்துப் படைத்துவிட்டு வந்தாள். அத்தைக்குப் பொருத்தமான சாமிதான் என்று நான் சொன்னதற்கு அவளுக்கு அர்த்தம் விளங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு படம் வந்தது. பாட்டு நடுவில் டப் டப் என்று சத்தம். வெள்ளைப் புகை. கூட்டம் சிதறி ஓடுகிறது. படம் பிடிப்பவரும் ஓடுகிறார், தரையும் வானமுமாகத் தெரிகிறது. ஒரே ஒரு நொடி சதுக்கத்தின் ஓரம் வருகிறது. அங்கே பச்சைக் கோட்டு, இரண்டு கையிலும் பைகள். எல்லாரும் ஓடுகிறார்கள், அவர் ஓடவில்லை. டோக்கன் வாங்காமல் யாருடைய பொருளையும் விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை அத்தை. புகை அவர் பக்கம் வருகிறது. அத்தோடு படம் முடிந்துவிட்டது.

மறுநாள் கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. அத்தை இல்லை. அதற்கு அடுத்த வாரம் கால்வாசி. ஆட்களை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறார்கள், சிலர் திரும்பவில்லை என்று எழுதினார்கள். பிறகு படங்களே நின்றுபோயின. நான் பழைய படத்தின் அந்த ஒரு நொடியை மட்டும் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. என்ன ஆனார் என்று தெரியாது. நான் வந்து சேர்ந்தேன் என்பதும் அவருக்குத் தெரியாது. முதல் ஃபோன் உங்களுக்குத்தான் என்று வாய் கூசாமல் சொன்னவள் இவ்வளவுதான் என்று நினைத்திருப்பாரோ என்கிற எண்ணம் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. படிப்பு பாதியில் நின்றதால் கீரனூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பேர் எழுதி ரிப்போர்ட் கொடுக்கிற வேலைக்குப் போனேன். தெருவில் டாக்டரம்மா என்று கூப்பிடுவார்கள், கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பார்கள். கல்யாணப் பேச்சு வந்தது, நானே தட்டிவிட்டேன். வேறு நாட்டில் மீதிப் படிப்பை முடிக்கலாம் என்று ஒரு வழி கிடைத்தபோது பழைய மார்க் ஷீட் வேண்டியிருந்தது. என் கல்லூரி வேறு ஊருக்கு இடம் மாறி நடந்துகொண்டிருந்தது. அந்த அலுவலகத்து எழுத்தர் ஃபோனில் பேசினார். அவரும் அத்தையின் ஊரை விட்டு வெளியேறியவர்தான். மார்க் ஷீட்டை விட்டுவிட்டு, நூலகத்தில் கோட்டு வாங்குகிற அம்மாவைத் தெரியுமா என்று கேட்டேன்.

வளையம் இல்லாவிட்டால் திட்டுவாரே, அவரா என்றார்.

நாலாம் நாள் போலந்தில் இருக்கும் மகளின் எண் வந்தது. அடித்தேன். மறந்துபோன மொழியில் தட்டுத் தடுமாறி நான் யார் என்று சொன்னேன். அந்தச் சின்ன அறையில் இருந்த பெண்ணா என்று கேட்டார் மகள்.

அத்தை இருக்கிறார். அந்த ஊரிலேயே, அந்த வீட்டிலேயே இருக்கிறார். வரச் சொல்லிக் கெஞ்சியும் வரவில்லை. புகை அடித்த அன்று கடைசி வரை நின்று, ஒரு பையைத் தவிர எல்லாவற்றையும் உரியவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாராம். அந்த ஒரு பைக்கு ஆள் வரவில்லை. ஊர் இன்னும் ரஷ்யர்கள் கையில்தான் இருக்கிறது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை பேச முடியும், அதிலும் அளந்துதான் பேச வேண்டும். அம்மாவிடம் நான் என்ன சொல்லட்டும் என்று மகள் கேட்டார்.

இரண்டு வருஷமாக மனதில் எழுதி வைத்திருந்தேன். ஃபோன் தொலைந்தது, பேப்பர் நனைந்தது, தினமும் பாறை ஏறியது, மன்னிப்பு.

போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன்.

பதில் வர மூன்று வாரம் ஆனது. ஸ்கேன் சென்டரில் காலை நேரம், முன்னால் பத்துப் பேர் தண்ணீர் குடித்துவிட்டு வயிறு முட்ட உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சொன்னதை அப்படியே அனுப்புகிறேன் என்று மகள் எழுதியிருந்தார்.

"அவளிடம் சொல். சிப்பாய்கள் தங்குவதற்கு வீடு வீடாகக் காலி அறை கேட்டு வருகிறார்கள். இங்கே மூன்று முறை வந்தார்கள். காலி இல்லை, ஒரு பெண் குடியிருக்கிறாள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அறையைத் திறந்து காட்டினேன். அவள் புத்தகங்கள் மேசையில் இருக்கின்றன, போர்வையை மாற்றிப் போட்டிருக்கிறேன். எப்போது வருவாள் என்று கேட்டார்கள். போய்ச் சேர்ந்த தகவலே இன்னும் வரவில்லை, வந்த பிறகல்லவா திரும்பி வருவதைப் பற்றிச் சொல்ல முடியும் என்றேன். போய்விட்டார்கள். இப்போது தகவல் வந்துவிட்டது. அவர்களிடம் சொல்ல மாட்டேன்."

முதல் ஆளின் பேரைக் கூப்பிட வேண்டியவள் கூப்பிடாமல் நின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், முகத்தைக்கூட மூடாமல் அழுதேன். முன்வரிசையில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் எழுந்து வந்து தோளைத் தொட்டு, ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள்.

"இல்லக்கா" என்றேன். "என் ரூம இன்னும் யாருக்கும் விடலையாம்."